நூற்றிருபது நன்றிக் கடிதங்கள்

ஜொகூர் பாரு
28 ஜனவரி 2022

அன்புள்ள ஜோஆன்,

இயேசு மரி சூசை உன்னையும் உன் முழங்காலையும் காக்க வேண்டுகிறேன். என் இரத்த அழுத்தம் இந்த மாதம் அடங்கியிருக்கிறது. உன் போன கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்துத்தான் டிசம்பர் என்று கண்டுகொண்டேன். எத்தனை வருடம் சொல்வது?

எங்கள் மாநிலச் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். மார்ச்சில் தேர்தல். ஜெயக்காந்தன் மறுபடியும் நிற்கிறான். நேற்று வீட்டுக்கு வந்து உன் அண்ணன் கேப்ரியலின் படத்துக்கு முன் நின்றான். பிறகு, "ஆன்ட்டி, பழையபடி எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நம்ம ஆளுங்க நம்ப மாட்டாங்க" என்றான். அவனுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. எனக்கு அவன் இன்னும் 2008-இல் மழையில் நனைந்து வந்து நின்ற அந்தப் புது வழக்கறிஞன்தான்.

நினைவிருக்கிறதா? கேப்ரியல் பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் காரின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டுவார். சுவரொட்டிக்குப் பசை என் அடுப்பில்தான் கொதித்தது. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்த திடலில் முதல் செராமாக் கூட்டம். பேச்சைக் கேட்க வந்தது பதினேழு பேர். அன்று வீடு திரும்பும்போது உன் அண்ணன் சொன்னார்: "நீ எழுது கெர்ட்டி. உனக்குத்தான் பொய் சொல்ல வராது." அப்படித்தான் இந்த வலைப்பதிவு தொடங்கியது.

இந்த முறையும் நன்கொடைப் பட்டியலை அதில் வெளியிடுவேன், தேவாலயத் திருவிழாவுக்குக் கொடுத்தவர்களின் பெயரைப் பலகையில் ஒட்டுவதுபோல. அதற்கு மேலே அதே வரி: "இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வெள்ளியும் இந்தத் தேர்தலில் இல்லை." கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஏழு நாளுக்குள் என் கையால் நன்றிக் கடிதம். கான்வென்டில் மதர் ஃபிலோமினா கற்றுக் கொடுத்தது, எழுபது வருடமாக விட்டதில்லை.

வலைப்பதிவை ஊரே படிக்கிறது. தொலைபேசியில் பேசினால் பக்கத்தில் உன் மருமகள் இருக்கிறாள். நம் இருவருக்கும் என்று இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். எழுது.

அன்பும் ஆசியும்,
கெர்ட்ரூட்

*

தைப்பிங்
7 பிப்ரவரி 2022

அன்பு அண்ணிக்கு,

தேதி போட்டிருக்கிறேன், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் சுகம். இங்கே ஓயாத மழை. முழங்கால் மழையை எனக்கு முன்பே அறிந்துகொள்கிறது. உங்கள் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுக்கிறீர்களா?

பதினேழு பேர் என்று நீங்கள் எழுதியது தவறு. பதினாறுதான். பதினேழாவது ஆள் நான், மீ கோரிங் பொட்டலம் கொடுக்க வந்தவள். அன்று ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோய், அண்ணன் தொண்டை கிழியக் கத்தி, மறுநாள் வேலைக்குப் போய்ச் சைகையில் பேசினாரே, அதை விட்டுவிட்டீர்களே. நீங்கள் இஞ்சிச் சாறு கொடுத்து, "உங்கள் வேட்பாளருக்குத் தொண்டை ஒன்றும் ஆகவில்லையா?" என்று கேட்டீர்கள். அண்ணன் பேச முடியாமல் சிரித்தார்.

ஜெயக்காந்தன் ஜெயிக்கட்டும். அண்ணன் இறக்கும்போதுகூட அவனை விட்டுவிடாதே என்றுதானே உங்களிடம் சொன்னார். ஆனால் உங்களுக்கு எழுபத்தெட்டு வயது. இத்தனை கடிதங்கள் எழுதத்தான் வேண்டுமா? பட்டியலில் பெயரைப் பார்த்தாலே மக்களுக்குத் திருப்திதானே. அப்படியே எழுதினாலும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? முன்பு அண்ணன் இருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு விழித்து எழுதாதீர்கள்.

உங்கள் ஜோஆன்

*

ஜொகூர் பாரு
17 பிப்ரவரி 2022

அன்புள்ள ஜோஆன்,

கடவுள் கருணையால் நலம். வலது கை மட்டும் வலிக்கிறது. காரணம் சந்தோஷமானது, ஆகையால் நீ கவலைப்பட வேண்டாம்.

போன வாரம் ஜெயக்காந்தனின் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் வேலு வந்தார். ஒரு பெரிய உறை, கூடவே தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியல். நூற்றிருபது பேர், ஆளுக்கு இருநூறு வெள்ளி. "எல்லாம் நம்ம பிளாட் ஜனங்க, ஆன்ட்டி. கூப்பிட்டு கூப்பிட்டு குடுத்தாங்க" என்றார். தொற்றுக் காலத்தில் வேலை இழந்து, உதவி கேட்டு வீட்டில் வெள்ளைக் கொடி கட்டிய ஜனங்கள் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றே பட்டியலை வெளியிட்டேன். சிங்கப்பூரில் இருப்பவர்கள்கூடப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

2013 தேர்தலில் தொண்ணூற்றேழு பேர் கொடுத்தார்கள். அதுதான் நம் உச்சம் என்று இருந்தேன். அப்போது பிளாட் பக்கத்துக் கடிதங்களை எல்லாம் உன் அண்ணன், "தபால் தலைக்கு ஏன் காசு?" என்று மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போனார். திரும்பி வந்து, யார் வீட்டில் கோப்பி கொடுத்தார்கள், யார் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கினார்கள் என்று சொல்லுவார். அந்தக் கதைகளைக் கேட்பதற்காகவே எழுதினேன் என்று தோன்றுகிறது.

இந்த முறை ஒரு நாளைக்கு இருபது வீதம் ஆறு நாளில் முடித்து, நானே தபால் நிலையம் போய்ப் போட்டேன். நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு
27 பிப்ரவரி 2022

அன்புள்ள ஜோஆன்,

நீ நலம் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். பெயர் புஷ்பவள்ளி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. கையில் என் நன்றிக் கடிதம்.

"ஆன்ட்டி, இத நீங்கதான் போட்டீங்களா? நான் ஒரு காசும் குடுக்கலையே. எங்க வீட்டுக்காரரு இதப் படிச்சிட்டு, 'ரெண்டு மாசமா வீட்டு வாடகை கட்டல, உங்கிட்ட இருநூறு வெள்ளி ஏது? எங்க ஒளிச்சு வச்சிருந்த?'ன்னு ஒரே சண்டை. அலமாக், ஆன்ட்டி, நீங்களே வந்து சொல்லுங்கலா!"

போனேன். அவள் கணவனிடம் ஆள் மாறிவிட்டது என்று சொன்னேன். அதற்குள் படிக்கட்டில் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு பேர். ஒரு கடிதம் திரும்பி வந்தது. அதைப் பெறவேண்டிய அங்கம்மா இறந்து நான்கு வருடமாம்.

நேற்று வேட்புமனுத் தாக்கல் முடிந்ததும் ஜெயக்காந்தனை அவன் அலுவலகத்தில் பார்த்தேன். அவன் மறைக்கவில்லை. பணம் ஒரு லாரிக் குத்தகைக்காரருடையது.

"அவ்வளவும் ஒரே பேர்ல போட்டா நாறிடும், ஆன்ட்டி. ஜனங்க குடுக்கிறத வச்சு ரெண்டு நாள் பேனர்கூட கட்ட முடியாது. யாருக்கு என்ன நட்டம்?"

"என் பெயர் நட்டம்" என்றேன். பட்டியலை நீக்கி, காரணத்தையும் எழுதப்போகிறேன் என்றேன்.

அவன் கதவைச் சாத்தினான். "எழுதுங்க. ஆனா அங்கிளையும் சேத்து எழுதணும். பதிமூணுல அவரும் நானும் ஒண்ணா உக்காந்துதான் பேரு போட்டோம். வாக்காளர் பட்டியல வச்சிக்கிட்டு."

பொய் என்றேன். "தைப்பிங்குல கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்" என்றான்.

ஜோஆன், கேட்கிறேன். உன் அண்ணன் அப்படிச் செய்தாரா? தொலைபேசியில் சொல்லாதே. எழுத்தில் வேண்டும். வாக்களிப்பு மார்ச் பன்னிரண்டு. நான் எழுதவேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன், வெளியிடவில்லை. உன் பதிலுக்காக நிறுத்தியிருக்கிறேன். துரிதத் தபாலில் அனுப்பு. அதற்கான தபால் தலைகளை உள்ளே வைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு
7 மார்ச் 2022

அன்புள்ள ஜோஆன்,

உனக்கு உடல்நலம் சரியில்லையோ என்று கவலைப்படுகிறேன். கடிதம் அனுப்பி எட்டு நாள் ஆகிறது. துரிதத் தபால் இரண்டு நாளில் வரும் என்று இங்கே சொன்னார்கள்.

நேற்று தொலைபேசியை எடுத்தேன். ஆறு எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

வேலு தினமும் செய்தி அனுப்புகிறார். "ஆன்ட்டி, ஏன் எழுதல? ஜனங்க கேக்குறாங்க" என்று. பத்து நாளாக வலைப்பதிவில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பதினான்கு வருடத்தில் இப்படி இருந்தது உன் அண்ணனை அடக்கம் செய்த வாரம் மட்டும்தான்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஒரே ஒரு வரி போதும்.

உன் சுகத்துக்குப் பிரார்த்திக்கிறேன்.
கெர்ட்ரூட்

*

ஜொகூர் பாரு
13 மார்ச் 2022

அன்புள்ள ஜோஆன்,

தவக்காலம் என்பதால் மீன்கூடச் சமைக்கவில்லை. மற்றபடி சுகம். நீயும் அப்படியே இருப்பாயாக.

நேற்று வாக்களித்தேன். எப்போதும்போல அதே ஆரம்பப் பள்ளி. முதல் வகுப்பறை எங்களைப் போன்ற முதியவர்களுக்கு. முன்பு அந்த வரிசையில் நின்று நானும் உன் அண்ணனும் மற்றவர்களைப் பார்த்து, "பாவம், எவ்வளவு வயது!" என்று பேசிக்கொள்வோம். இப்போது வரிசையே குட்டையாகிவிட்டது. முகக்கவசத்தோடு யார் யார் என்றும் தெரியவில்லை. ஒரு மலாய் இளைஞன் நாற்காலி கொடுத்தான். விரலில் வைத்த மை நகத்துக்குள் இறங்கிவிட்டது, தேய்த்தும் போகவில்லை.

வெளியே வந்தபோது சீனக் கடையில் கோப்பி குடித்தேன். 2008-இல் அதே கடையில், தோற்ற செய்தி வந்த பிறகு, உன் அண்ணன் ஜெயக்காந்தனுக்கு ரொட்டியில் காயா ஜாம் தடவிக் கொடுத்து, "சாப்பிடு. அடுத்த தடவ ஜெயிக்க ஒடம்புல தெம்பு வேணாமா?" என்றார். நேற்று நான் காசு கொடுக்கப் போனால் முதலாளி வாங்கவில்லை.

ஜெயக்காந்தன் நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தான்.

நான் எதையும் வெளியிடவில்லை.

கெர்ட்ரூட்

*

தைப்பிங்
19 மார்ச் 2022

அன்பு அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நான் சுகமாகத்தான் இருந்தேன். உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

ஜெயக்காந்தன் சொன்னது உண்மை. 2013-இல் கொடுத்தவர்கள் முப்பத்தொன்பது பேர்தான். மீதி ஐம்பத்தெட்டு பெயர்களும் அண்ணன் போட்டவை. ஆனால் அது எந்தக் குத்தகைக்காரனின் பணமும் இல்லை. அவருடைய சேமநிதிப் பணம். கூரை மாற்ற என்று எடுத்தாரே, கூரை வேலைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாரே, அந்தப் பணம்.

அந்த ஐம்பத்தெட்டு கடிதங்களை அவர் எங்கும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்த வருடம் இங்கே வந்தபோது பையில் கொண்டுவந்தார். "தூக்கிப் போடத்தான் நெனச்சேன். அவ கையெழுத்தக் கிழிக்க மனசு வரல. நீ வச்சுக்க" என்றார். என் அலமாரியில் ஒன்பது வருடமாக இருக்கின்றன. தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன்.

தேர்தல் முடியட்டும் என்று நான் வேண்டுமென்றேதான் காத்திருந்தேன். தெரிந்தால் நீங்கள் அண்ணன் பெயரையும் சேர்த்தே ஊருக்குச் சொல்லுவீர்கள் என்று பயந்தேன். அவருடைய தங்கை நான், வேறு என்ன செய்வேன்?

உங்களைக் காக்கத்தான் செய்தேன் என்று எழுதலாம். ஆனால் நீங்கள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.
ஜோஆன்

*

ஜொகூர் பாரு
2 ஏப்ரல் 2022

ஜோஆன்,

பொட்டலம் கிடைத்தது. ஐம்பத்தெட்டும் சரியாக இருக்கின்றன.

நலம்.

கெர்ட்ரூட்

*

தைப்பிங்
20 ஏப்ரல் 2022

அன்பு அண்ணிக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். நீங்கள் வாழ்த்து அனுப்பாத முதல் வருடம் இது. தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருமகள் என் முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கி வந்தாள். அது வேலை செய்யவில்லை. உங்கள் உடம்பைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதை அண்ணன் சொல்லக்கூடாது என்றார். இனி அதைக் காத்து என்ன பயன்?

அந்தத் தேர்தலில் நீங்கள் பட்டியலை மூடப்போன அன்று முப்பத்தொன்பது பெயர்களைப் பார்த்துவிட்டு, "நம் ஜனங்கள் இவ்வளவுதானா?" என்று கேட்டு அழுதீர்களாம். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். "ஜெயக்காந்தன் தோத்தா அடுத்த தடவ நிப்பான். அவ எழுதறத விட்டுட்டா மறுபடியும் தொட மாட்டா" என்று என்னிடம் சொன்னார். ஜெயக்காந்தனுக்காகச் செய்தார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஐயாயிரத்துச் சொச்சம் வெள்ளி. நீளமான ஒரு பட்டியலை நீங்கள் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கோப்பி கொடுத்தார்கள், கண் கலங்கினார்கள் என்ற கதைகளை எல்லாம் திடலோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வருவாராம்.

என்மேல் கோபப்படுங்கள். எழுதிக் கோபப்படுங்கள்.

இன்னொன்று. வாக்களித்த நாளைப் பற்றி மை வரைக்கும் எழுதினீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று எழுதவில்லையே?

கும்பிடும்,
உங்கள் ஜோஆன்

*

ஜொகூர் பாரு
9 மே 2022

அன்புள்ள ஜோஆன்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரத்த அழுத்தம் ஏறி, ஒரு வாரம் படுத்திருந்தேன். இப்போது இறங்கிவிட்டது. தைலம் வேலை செய்யாவிட்டால் மருத்துவரிடம் போ.

மே முதல் நாள் வெளியிட்டேன். தொழிலாளர் தினம் என்பதால் உன் அண்ணனுக்குப் பிடித்திருக்கும். முதலில் 2013. அவர் முழுப்பெயரையும் தொகையையும் எழுதினேன். எதற்காகச் செய்தார் என்பதை எழுதவில்லை. அது ஊருக்குரியது அல்ல. அடுத்து இந்த நூற்றிருபது பெயர்கள், லாரிக்காரரின் பணம். கடைசியாக, வாக்களிப்புக்குப் பதினெட்டு நாள் முன்பே சந்தேகம் வந்தும், இரண்டு வாரம் முன்பே உறுதியாகத் தெரிந்தும், என் கணவரின் பெயருக்காக நான் வாய் மூடியிருந்தேன் என்று எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு வாக்கு என்பதையும் எழுதினேன். கூட்டிக் குறைத்து ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலுக்கு மேலே இருந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஜெயக்காந்தன் தொலைபேசியில் அழைத்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "இவ்வளவு நாள் பொறுத்தீங்க, ஆன்ட்டி. ஜெயிச்ச அப்புறம் எழுதி என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டான். நாம் செராமா நடத்திய திடலைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். லாரிகள் நிறுத்தவாம். பிளாட் ஜனங்கள் மனுவில் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போட்டேன். மனுவையும் என்னையே எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன்.

புஷ்பவள்ளி மறுபடியும் வந்தாள். கோபமாக.

"என் பேர ஏன் ஆன்ட்டி எடுத்தீங்க?"

"நீதானே கொடுக்கவில்லை என்றாய்?"

"குடுக்கலதான். ஆனா எங்க பிளாட்டுல எல்லாரும் 'புஷ்பாவுக்கு எவ்வளவு நல்ல மனசு'ன்னு பேசிக்கிட்டாங்கலா. இப்ப பாக்குறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் என்பது உனக்குத் தெரியும். அவள் அப்படியே அடங்கிப்போய், கோப்பி குடித்துவிட்டுப் போனாள்.

உன்மேல் கோபம் இருந்தது. ஐம்பத்தெட்டு உறைகளையும் மேசையில் பரப்பிப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பதில் எழுதாமல் காத்திருந்தாய். உன் பதில் வராததைச் சாக்காக வைத்து நான் வலைப்பதிவில் எழுதாமல் காத்திருந்தேன். துணிவு இருந்திருந்தால் அன்று தொலைபேசியில் மீதி எண்களையும் அழுத்தியிருப்பேன். இதில் நான் உன்னைவிட எந்த விதத்தில் உயர்ந்தவள்? ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பேருந்து ஏறி இங்கே வா. மருமகளிடம் ஒரு மாதம் என்று சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். யாருக்குப் போட்டோம் என்பதைச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் நீ கேட்டுவிட்டாய்.

தடுப்புக்குப் பின்னால் தாளை விரித்து நின்றேன். மூன்று பெயர்கள். வெறும் தாளாக மடித்துப் போட்டுவிடலாம் என்றுதான் வீட்டிலிருந்து தீர்மானித்துப் போயிருந்தேன். கண்ணாடியைச் சரி செய்து அவன் பெயரைப் பார்த்தேன். லாரியும் நூற்றிருபது பெயர்களும் எனக்கு அப்போது நினைவில் இருந்தன, மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எல்லாம் தெரிந்துதான் அவனுக்குப் போட்டேன், ஜோஆன். இதை மட்டும் வலைப்பதிவில் எழுதவில்லை.

உன் அண்ணி,
கெர்ட்ரூட்